நாகர்கோவிலில் பாடிப் பழக ஓர் அறை வேண்டும்

ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனச்சிதறலும் மிகையியக்கமும்) உள்ளவர்களும் பால்புதுமையினருமாக (குயர்) ஒன்பது பேர் சேர்ந்து பாடுகிறோம். பலர் தேவாலயப் பாடகர் குழுக்களில் வளர்ந்து, பிறகு அங்கே இடமில்லாமல் போனவர்கள். இதுவரை என் வீட்டு மொட்டைமாடியே போதுமாக இருந்தது. மழை தொடங்கிவிட்டது.

வடசேரி பஸ் நிலையத்துக்கு அருகில் ஞாயிறு மாலைகளில் ஓர் அறை கிடைக்குமா? குளச்சலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் வருபவர்கள் இருட்டுமுன் திரும்ப வேண்டும். எதிரொலியும் கண்கூசும் விளக்கும் சிலருக்குத் தாங்காது. இடையில் எழுந்துபோய் அமைதியாக உட்கார ஒரு திண்ணையாவது வேண்டும். வாடகை தருவோம்.

கீபோர்டு வாசிப்பவரும் தேவை. ஆண்குரல், பெண்குரல் என்று நாங்கள் பிரிப்பதில்லை; அவரவர் குரல் எட்டும் சுருதிதான் கணக்கு. டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் எடுக்கும் திருநம்பி ஒருவரின் குரல் இறங்கிக்கொண்டே வருகிறது, எவ்வளவு அழகாக! அதற்கேற்பச் சுருதி மாற்றி வாசிக்கும் பொறுமை வேண்டும். எங்கள் பெயர்கள் வெளியே போகக் கூடாது. தனிச்செய்தி அனுப்புங்கள்.