லால்குடி ஜெயராமனின் வில்: கேட்டவர்கள் பகிர்ந்தவை

வயலின் வித்வான் லால்குடி ஜெயராமன் அவர்களை நான் முதன்முதலில் நேரில் கேட்டது 1980களின் பிற்பகுதியில், சென்னையில் நடந்த ஒரு மார்கழிக் கச்சேரியில். எனக்கு அப்போது 14 வயது. சங்கீதம் கேட்க வந்தவர் அப்பாதான். சபா கேண்டீனில் கிடைக்கும் அடைக்காக நான் உடன் வந்தேன் என்பதே உண்மை. தம் மகன் ஜி.ஜே.ஆர். கிருஷ்ணனுடன் சேர்ந்து அவர் வாசித்துக்கொண்டிருந்தார். பாடகரே இல்லாத கச்சேரியில் அப்பா ஏன் பாட்டின் வரிகளை முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டபோது, "அவர் பாடுகிறாரே, உனக்குக் காதில் விழவில்லையா?" என்றார். அப்பா வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவின் தலைமுறை அவரைப் பக்கவாத்தியக்காரராகத்தான் முதலில் அறிந்தது. 12 வயதில் மேடையேறி, பின்னர் அரியக்குடி, செம்பை, செம்மங்குடி, ஜி.என். பாலசுப்பிரமணியம் (ஜி.என்.பி.), மதுரை மணி ஐயர், ஆலத்தூர் சகோதரர்கள் என்று அன்றைய முன்னணி வித்வான்கள் பலருக்கும் வாசித்தவர் அவர். மணி ஐயரின் ஸ்வரங்களுக்கு ஒத்துப்போகும் கை ஜி.என்.பி.யின் வேகமாக உருளும் பிருகாக்களுக்கும் ஒத்துப்போக வேண்டும். ஒத்திகை கிடையாது, அடுத்து எந்த உருப்படி (பாட்டு) வரும் என்பதும் பெரும்பாலும் மேடையில்தான் தெரியும். தாளமின்றி ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனையில் பாடகர் விடும் ஒவ்வொரு பிடியையும் (ராகத் துணுக்கையும்) நிழல்போல் தொட்டு நின்றுவிட்டு, தம் முறை வரும்போது அதே ராகத்தை, அவர் சொன்னதையே திரும்பச் சொல்லாமல், அவர் எடுத்துக்கொண்டதைவிடக் குறைந்த நேரத்தில் வரைந்து காட்ட வேண்டும். பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்கும்போது, அவருடைய தனிக் கச்சேரிகளைவிட இந்தச் சில நிமிட மறுமொழிகளே எனக்கு உயர்வாகப் படுகின்றன. இதற்கு உடன்படாதவர்கள் இங்கே பலர் இருப்பார்கள் என்பதும் தெரியும்.

* * *

மேலே எழுதிய ஐயாவின் தந்தையார் சொன்னது வேடிக்கையன்று. லால்குடி பாணியில் பயின்ற ஓர் ஆசிரியையிடம் நான் ஒன்பது ஆண்டுகள் வயலின் கற்றேன். எந்த உருப்படியானாலும் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு முதலில் வாயால் பாட வேண்டும். பாடம் ஆன பிறகே வில்லைத் தொட அனுமதி. பாடத் தெரியாத நான் இதை ஒரு தண்டனையாகவே கருதினேன்.

ஜெயராமன் அவர்கள் சாருகேசி ராகத்தில் இயற்றிய 'இன்னம் என் மனம்' வர்ணத்துக்கு வந்தபோதுதான் காரணம் விளங்கியது. 'இன்னம்' என்ற முதற்சொல்லில் இரட்டித்து வரும் னகரத்தை வில்லால் எப்படிச் சொல்வது? அந்த இடத்தில் வில்லைத் திருப்பினால் சொல் இரண்டாக உடைந்துவிடும். திருப்பாமல் ஒரே சீராக இழுத்தாலோ 'இனம்' என்றாகிவிடும். வில்லின் அழுத்தத்தை ஒரு கணம் தளர்த்தி, நிறுத்தாமல், மீண்டும் அழுத்த வேண்டும். அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு மூன்று வாரங்கள் ஆயின. இடக்கை ராகத்தைப் பார்த்துக்கொள்ள, பாட்டின் சொற்களான சாகித்தியம் முழுவதும் வலக்கையில் இருக்கிறது என்று ஆசிரியை சொல்வார். இடக்கைக்கு அந்தச் சுதந்திரம் கிடைப்பதும் நாம் உட்காரும் முறையால்தான்: சம்மணமிட்டு, வாத்தியத்தின் தலையை வலக்கால் கணுக்கால் அருகே ஊன்றிவிடுவதால், அதைத் தாங்கிப் பிடிக்கும் வேலை கைக்கு இல்லை, ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்காக விரல் தந்தியின் நீளம் முழுவதும் வழுக்கிச் செல்லலாம். 1965இல் எடின்பரோ விழாவில் அவர் வாசித்ததைக் கேட்ட மேற்கத்திய வயலின் மேதை யெஹுதி மெனுஹின், தம் இத்தாலிய வயலின் ஒன்றையே அவருக்குப் பரிசளித்தார். வேறொரு பிடியில் வாழ்நாளெல்லாம் வாசித்த ஒருவருக்கு அந்தக் கைகளைப் பார்த்தபோது என்ன தோன்றியிருக்கும் என்று நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு.

ஒருமுறை கச்சேரி முடிந்து அவரை வணங்க மேடையோரம் வரிசையில் நின்றேன். அந்த னகரத்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று மனத்தில் வாக்கியமெல்லாம் தயாரித்து வைத்திருந்தேன். அருகில் சென்றதும் நா எழவில்லை, வணங்கிவிட்டு வந்துவிட்டேன். பிறகு படிப்பு, திருமணம், இடமாற்றம் என்று வயலின் பெட்டிக்குள் போய்விட்டது. தந்திகளை முறுக்கும் பிருடைகள் இப்போது திரும்புமா என்பதே ஐயம்.

* * *

நான் வாசிப்பவனும் அல்லன், பெரிய ரசிகனும் அல்லன். வேலையின் பொருட்டு நான்கு ஆண்டுகள் திருச்சியிலிருந்து அரியலூருக்குத் தினமும் ரயிலில் சென்று வந்தவன். வழியில் லால்குடி நிலையம் வரும். ஒரு விடுமுறை நாளில் இறங்கி சப்தரிஷீஸ்வரர் கோயிலுக்குச் சென்றேன். தியாகராஜர் இவ்வூருக்கு வந்தபோது இத்தலத்து இறைவன் மீதும் அம்பாள் மீதும் பாடிய ஐந்து கீர்த்தனைகளை லால்குடி பஞ்சரத்னம் என்கிறார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன். அவருடைய சீடரான லால்குடி ராமய்யரின் வழியில் வந்தவர் ஜெயராமன். தந்தை கோபாலய்யரே குரு. 2013 ஏப்ரல் 22 அன்று ஜெயராமன் காலமான செய்தியைக் கேட்டபோது, முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பிராகாரம்தான்.

அந்த ஐந்தில் தோடி ராகத்தில் அமைந்த 'கதி நீவனி' மட்டும் என்னிடம் இருக்கிறது, அதுவும் வாய்ப்பாட்டாக. பைரவி, கல்யாணி, காம்போஜி, மத்தியமாவதி ஆகிய மற்ற நான்கையும் அவர் வாசித்த பதிவு உங்களில் யாரிடமாவது இருந்தால், எந்த ஆண்டு, மிருதங்கம் யார் என்ற விவரத்தோடு தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முன்னால் எழுதிய அம்மா சொன்ன வில்லின் நுணுக்கத்தை அதில் தேடிப் பார்க்க விரும்புகிறேன்.