மறு: உருப்பெயர்ப்பா, காட்சிக்குறியேற்றமா?

ஐயா, வணக்கம்.

எண்களை வரைபடத்தில் நிறம், நீளம், அம்பு போன்ற கூறுகளாகக் காட்டுவதற்கு (visual encoding) நம் குழுவில் நீங்கள் முன்வைத்த ‘உருப்பெயர்ப்பு’ காதுக்கு இனிமைதான். நான் கேட்பது ‘காட்சிக்குறியேற்றம்’. மொழிபெயர்ப்புக்குத் தங்கை மாதிரி இருக்கிறது. ஆனால் எந்த எண்ணை வரைபடத்தின் எந்தக் கூறில் வைக்கிறோம் என்பதுதான் இந்தக் கருத்தின் உயிர். உங்கள் சொல்லில் அந்த ‘எதில்’ விழுந்துவிடுகிறது. “அலை உயரத்தை நிறத்தில் உருப்பெயர்த்தார்கள்” என்று யாராவது சொல்வார்களா? ‘ஏற்று’ போட்டுப் பாருங்கள். அலை உயரத்தை நிறத்தில் ஏற்றினார்கள், காற்றின் திசையை அம்பில் ஏற்றினார்கள். வாக்கியம் தானாக நடக்கிறது.

‘ஏற்று’ எனக்குப் பாம்பனில் கிடைத்தது. கடலில் புயல் சின்னம் உருவானால் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறார்கள் அல்லவா? பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும். கணினி வருவதற்கு முன்பே நம் கரையில் நடந்துவரும் காட்சிக்குறியேற்றம் அது.

அந்தக் கூண்டிலேயே ஒரு வில்லங்கமும் இருக்கிறது. ‘7ஆம் எண் கூண்டு’ என்று செய்தியில் வந்தால் 5ஐவிட மோசம் என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் 5, 6, 7 மூன்றும் ஒரே தரத்து அபாயம். புயல் பாதைக்குத் துறைமுகம் இடப்புறம் இருந்தால் 5, வலப்புறம் இருந்தால் 6, புயல் துறைமுகத்தின் மேலேயோ அருகிலோ கடந்தால் 7. பெரும் அபாயத்துக்கான 8, 9, 10இலும் இதே கதைதான். 11 என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்! பக்கத்தைக் குறிக்க வேண்டியதை, ஏறுவரிசை கொண்ட எண்ணில் ஏற்றியதால் வந்த வினை. கூம்பிலும் உருளையிலும் எது பெரிது என்ற கேள்வியே எழாது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். மண்டபத்தில் படகுத்துறைப் பலகைக்கு அலை உயர வரைபடம் அச்சிட்டு ஒட்டிவந்தேன். ஒரு வாரம் கழித்து ஒரு மாமா கேட்டார்: “என்னப்பா, தெனமும் செவப்பாத்தான் கெடக்கு, கடலு சும்மாத்தானே இருக்கு?” மென்பொருள் அன்றன்றைய உச்ச அளவுக்குச் சிவப்பைக் கொடுத்திருந்தது. அரை மீட்டர் அலைக்கும் சிவப்பு, மூன்று மீட்டருக்கும் சிவப்பு. தப்பு என்னுடையது, அளவுகோலைப் பூட்ட மறந்துவிட்டேன். அப்புறம் வானவில் நிறங்களையும் தூக்கிவிட்டு, வெளிர் நீலத்திலிருந்து கரு நீலம் வரை ஒரே நிறமாக மாற்றினேன். வானவில்லில் மஞ்சள் நடுவில்தான் இருக்கிறது, ஆனால் கண் முதலில் அங்கேதான் போகிறது. மாற்றிய பிறகுதான் வடகடல் அடங்கிக் கிடக்க, தென்கடல் கொந்தளிப்பது ஒரே பார்வையில் தெரிந்தது.

மனிதர்கள் வரைபடங்களை எப்படிப் படிக்கிறார்கள் என்று ஆராய்ந்த கிளீவ்லாந்தும் மெக்கிலும் 1984இல் சொன்னதும் இதற்கு நெருக்கமானதுதான். ஒரே அளவுகோலில் ஒரு புள்ளி இருக்கும் இடத்தை மனிதர்கள் துல்லியமாகப் படிக்கிறார்கள். நீளம், கோணம், பரப்பு என்று போகப் போகப் பிழை கூடுகிறது, நிறம் கடைசிப் பக்கம். ஆகவே ‘நீளத்தில் ஏற்றியது’, ‘நிறத்தில் ஏற்றியது’ என்று பிரித்துச் சொல்ல வினைச்சொல் கட்டாயம் வேண்டும்.

‘குறியாக்கம்’ ஏன் வேண்டாம் என்று ஒருவர் கேட்டிருந்தார். மறைத்து அனுப்புவதற்கும் அதையே சிலர் எழுதுகிறார்கள். இங்கே நோக்கமே காட்டுவது. ‘பதிவேற்றம்’ ஏற்கெனவே பழகிவிட்டதால் ‘குறியேற்றம்’ யாருக்கும் அந்நியமாக இருக்காது.

—

தம்பி,

கூண்டைக் காட்டி என்னை மடக்கிவிட்டீர்கள், சரி. ஆனால் பார்ப்பவர் வரைபடத்திலிருந்து எண்ணைத் திரும்ப எடுப்பதற்கு என்ன சொல்? ‘குறியிறக்கம்’ என்பீர்களோ? பாம்பனில் கூண்டை இறக்கினால் ஆபத்து நீங்கியது என்றல்லவா பொருள்!

—

ஐயா,

அது வேண்டாம், ‘குறிவாசிப்பு’ போதும். அம்புக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. வாடை என்றால் வடக்கிலிருந்து வருவது. நீரோட்டத்தையோ போகும் திசையை வைத்துச் சொல்கிறோம். இரண்டையும் ஒரே படத்தில் அம்பில் ஏற்றினால், தெற்கு நோக்கிய இரண்டு அம்புகளில் ஒன்று வடக்குக் காற்று, இன்னொன்று தெற்கு நீரோட்டம். வருதிசை, போதிசை என்று அம்பின் மேலேயே எழுதலாமா? குழுவினர் சொல்லுங்கள்.