ரஷ்யப் படங்கள்ல உங்கள விடாம துரத்துற ஒரே ஒரு சீன் எது?

பரண்பூனை:

எனக்கு சோப்பு. 'பேலட் ஆஃப் எ சோல்ஜர்', 1959. பாத்தவங்களுக்கு கதை சொல்ல வேண்டியதில்ல, ரெண்டாம் உலகப்போர்ல அல்யோஷாங்கற சின்ன வயசு சோல்ஜர் ரெண்டு டாங்கிய அடிச்சிட்டு மெடல் வேணாம் ஊருக்குப் போய் அம்மாவப் பாத்து கூரைய சரி பண்ணிட்டு வரேன்னு ஆறு நாள் லீவு வாங்கிட்டு கிளம்புவான்ல, வழியில ஒரு சோல்ஜர் என் பொண்டாட்டிகிட்ட குடுத்துருன்னு ரெண்டு கட்டி சோப்பு குடுத்து விடுவான், அவன் இருந்த படைப்பிரிவுக்கே இருந்த சோப்பு அவ்வளவுதான். இவன் தேடிப் போய் படியேறுறப்ப மேலேர்ந்து சோப்பு முட்டை மிதந்து வரும். ஒரு பொடியன் நின்னு ஊதிட்டிருப்பான். உள்ள போனா அந்தம்மா வேற ஒருத்தரோட இருக்கு. குடுத்துட்டு இறங்கினவன் மறுபடி ஓடிப்போய் சோப்ப எடுத்துட்டு வந்து அந்த சோல்ஜரோட அப்பாகிட்ட குடுப்பான்.

நான் ஷார்ஜாவுல ஒன்பது வருஷம். லீவுக்கு வரப்ப ரூம்மேட் பொண்டாட்டிக்கு ஒரு பை குடுத்து விட்டான், சோப்பு, கோடாலித்தைலம், ஒரு சென்ட் பாட்டில், வழக்கமா எல்லாரும் குடுக்கறதுதான். போனா வீடு பூட்டியிருக்கு. அந்தப் பொண்ணு வீட்ட விட்டுப் போயி நாலு மாசம் ஆச்சுன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. திரும்பிப் போயி அவன்கிட்ட "குடுத்துட்டேன்டா"ன்னு சொன்னேன். அந்தப் பை இன்னும் எங்க வீட்டுப் பரண்லதான் இருக்கு. படத்த அதுக்கப்புறம்தான் பாத்தேன். சோப்பு முட்டை வந்தப்பவே நிறுத்திட்டேன், ரெண்டு நாள் கழிச்சுதான் மிச்சத்தப் பாத்தேன்.

மாட்டுத்தொழுவம்:

'கம் அண்ட் சீ'ல மாடு. 1985, எலெம் கிளிமோவ். இது தெரியாதவங்க யாரும் இங்க இருக்க மாட்டீங்க. ராத்திரி, திறந்த வெளி, நாஜிகள எதிர்த்து சண்ட போடப் போன பையன் ஃப்ளோராவும் கூட இருக்கவரும் ஒரு மாட்ட ஓட்டிட்டு வராங்க, டிரேசர் தோட்டா கோடு கோடா இருட்டுல பறக்குது, கொஞ்ச நேரத்துல அடிபட்ட மாட்டோட கண்ணு மட்டும் ஸ்கிரீன் பூரா. எங்க அம்மா அந்த நேரம் பாத்து தட்டோட வந்து நின்னாங்க. எங்க வீட்டுல எப்பவும் ரெண்டு மாடு உண்டு. "கறவை மாடு மாதிரி இருக்கே"ன்னு மட்டும் சொன்னாங்க. தட்ட வச்சிட்டு கொல்லைக்குப் போயி எங்க மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்தாங்க. மணி பதினொண்ணு இருக்கும். கடைசியில பெலாரஸ்ல நாஜிகள் 628 கிராமத்த ஆளுங்களோட சேத்து எரிச்சாங்கன்னு எழுத்து வரும்ல, அத அம்மா பாக்கல, நானும் சொல்லல.

பனிக்குல்லா:

எல்லாரும் போர்ப்படமாவே சொன்னா எப்படிங்க. நான் ரஷ்யாவுல மெடிசின் படிச்சவன், ஆறு வருஷம் இருந்தேன், என் கூட இருந்த ரஷ்யப் பசங்க 'கம் அண்ட் சீ'ய ஒரு தடவ பாத்துட்டு கையெடுத்து கும்பிட்டவங்க, ஆனா 'ஐரனி ஆஃப் ஃபேட்' வசனம் அத்தனையும் மனப்பாடம். 1976 ஜனவரி 1 முதல் ஒளிபரப்பு, ரியாசனோவ் படம், இப்பவும் டிசம்பர் 31 ராத்திரி டிவியில ஓடும். மாஸ்கோ டாக்டர் குளியல் வீட்டுல ஃபிரெண்ட்ஸோட குடிச்சிட்டு தப்பா லெனின்கிராட் ஃபிளைட்ல ஏறிடுவான், டாக்ஸிக்காரன்கிட்ட தன் அட்ரஸ் சொன்னா அங்கயும் அதே தெரு, அதே கட்டடம், அதே நம்பர், சாவி கூட சேந்துரும். மொதல் வருஷம் ஹாஸ்டல் வாசல்ல உக்காந்திருக்கற பாட்டி அவங்க சின்ன டிவியில போட்டு என்னைய பக்கத்துல உக்கார வச்சுது, எனக்கு ஒரு வார்த்த புரியல, ஏதோ சிரிச்சு வச்சேன்.

அப்புறம் மூணாம் வருஷம் வெளிய ரூம் எடுத்து இருந்தப்ப நவம்பர்ல ஒரு நாள் நைட் ட்யூட்டி முடிச்சு வந்து பக்கத்து பிளாக்ல ஏறிட்டேன். எல்லாம் அச்சு எடுத்த மாதிரி ஒரே கட்டடம். நாலாவது மாடி, சாவி உள்ள போச்சு, திரும்பல, நான் பாட்டுக்கு ஆட்டிட்டிருக்கேன். ஒரு தாத்தா பனியனோட கதவத் திறந்தாரு. திட்டுவாருன்னு நெனச்சேன். என்னையும் சாவியையும் பாத்துட்டு "புது வருஷத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கு, தம்பி"ன்னு சொல்லி கதவ சாத்திட்டாரு. அந்த காமெடி அப்பதான் எனக்குப் புரிஞ்சுது, படிக்கட்டுல உக்காந்து தனியா சிரிச்சேன்.

மாட்டுத்தொழுவம்:

@பனிக்குல்லா கும்பிட்டாங்கன்னா படம் வேல செஞ்சிருக்குன்னு அர்த்தம். சிரிச்சாத்தான் நல்ல படமா?

நீளவசனம்:

'ஸ்டாக்கர்', தார்கோவ்ஸ்கி எடுத்த படம். ஃபிலிம் சொசைட்டி ஷோ, டிராலியில போறப்ப தடக் தடக்னு சத்தத்துல தூங்கிட்டேன், முழிச்சா அந்தப் பொண்ணு பாத்துட்டிருக்க கண்ணாடி டம்ளர் தானா நகருது. கனவான்னு இன்னைக்கும் ஒரு சந்தேகம் இருக்கு, திரும்பப் பாத்தும் போகல. அவ்வளவுதான் என் கதை.

ஆனா ஒண்ணு சொல்லணும், இங்க புதுசா வரவங்க தார்கோவ்ஸ்கிய ஸ்டாக்கர்லேர்ந்து ஆரம்பிக்காதீங்க. 1962 'இவான்ஸ் சைல்ட்ஹுட்' மொதல்ல, ஒன்றரை மணி நேரம்தான், கதை இருக்கு, வெனிஸ் திரைப்பட விழாவுல கோல்டன் லயன் விருது வாங்கின படம். அப்புறம் 'சோலாரிஸ்', அதுல கார் போயிட்டே இருக்கற சீன் டோக்கியோவுல எடுத்தது, அங்க ஃபார்வர்டு பண்ணாதீங்க ப்ளீஸ். ஸ்டாக்கர் ஒரு தடவ எடுத்த ஃபிலிம் லேப்ல பாழாப் போயி திரும்ப எடுத்தது, எஸ்டோனியாவுல தாலின் பக்கம், இது தெரிஞ்சிட்டு பாத்தா பொறுமை வரும். ஒன்றரை ஸ்பீடுல பாக்கறவங்க தயவு செஞ்சு பாக்காமலே இருக்கலாம். பேய்ப்படம் வேணும்னா 1967 'வீய்', சாக்பீஸ் வட்டத்துக்குள்ள மூணு ராத்திரி, கோகோல் கதை. வெஸ்டர்ன் மாதிரி வேணும்னா 'ஒயிட் சன் ஆஃப் தி டெசர்ட்', விண்வெளிக்குப் போறவங்க கிளம்பறதுக்கு முன்னாடி பாக்கறது, அதுல ஒருத்தரு கேவியர்ரயே சோறு மாதிரி ஸ்பூன்ல தின்னுட்டு ரொட்டி இல்லையேன்னு அலுத்துக்குவாரு. மோஸ்ஃபிலிம்ங்கற ரஷ்ய ஸ்டூடியோவோட யூடியூப் சேனல்ல நெறைய ஃப்ரீயாவே இருக்கு, சப்டைட்டில் ஆன் பண்ணிக்கணும், ஹெட்ஃபோன் போடுங்க, லைட்ட அணைங்க, போன

செவ்வரளி:

@நீளவசனம் யாரும் கேக்கல சார் 😄 உங்க கமெண்ட்டே பாதியில கட் ஆயிருச்சு.

எனக்கு 'தி டான்ஸ் (Dawns) ஹியர் ஆர் கொயட்', 1972. போர்ல ஒரு சார்ஜென்ட்டோட போற அஞ்சு பொண்ணுங்க கதை. தமிழ்ப்படம் 'பேராண்மை'க்கு மூலம்னு எல்லாருக்கும் தெரியும், அந்த சண்டைய இங்க ஆரம்பிக்காதீங்க. எங்க அம்மா அலமாரியில அதோட புத்தகம் தமிழ்ல இருந்துச்சு, 'அதிகாலையின் அமைதியில்'. பன்னெண்டு வயசுல படிச்சேன். அதுல ஒருத்தி லீஸா, ஆள் கூட்டிட்டு வர சதுப்புல இறங்கற இடம் வந்ததும் மூடி வச்சிட்டேன், எங்க ஊர் கண்மாயில ஒரு மாடு சேத்துல மாட்டி தவிச்சத அந்த வருஷம்தான் பாத்திருந்தேன். மிச்சம் படிக்கவே இல்ல. அவ கரையேறி போயி ஆள் கூட்டிட்டு வந்துட்டான்னே இருபது வருஷம் நானா நெனச்சிட்டிருந்தேன்ங்க. யாராவது அந்த புக்க பத்திப் பேசினா கூட ஆமா ஆமான்னு தலையாட்டுவேன். போன வருஷம் படம் பாத்தேன். சேத்துக்கு மேல கை மட்டும் தெரியும். அதுக்கப்புறம் மத்த நாலு பொண்ணுங்களும் ஒவ்வொருத்தியா போறத பாத்தேன்னு பேருக்குத்தான், என் மனசு அந்த சேத்துலயே நின்னுருச்சு.

பனிக்குல்லா:

சரி, போர்ப்படம் பத்தி சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன். பரண்பூனை, ஒண்ணு கேக்கலாமா, அந்த ரூம்மேட்டுக்கு விஷயம் தெரியுமா இப்ப?

நீளவசனம்:

உண்மைய சொல்லிருங்க ப்ரோ. மொதல்ல போன் பண்ணாதீங்க, நேர்ல, ஒரு டீக்கடையில வச்சு

செவ்வரளி:

சார்!! விடுங்க சார். பரண்பூனை, படத்துல அவன் அப்பாகிட்டதான குடுத்தான். உங்க ரூம்மேட்டோட அப்பா இருக்காரா?

பரண்பூனை:

இருக்காரு. மன்னார்குடி பக்கம். அவனுக்கு அடுத்த வருஷமே எல்லாம் தெரிஞ்சிருச்சு, பை என்னாச்சுன்னு மட்டும் இன்னைக்கு வரைக்கும் அவன் கேக்கல, அதான் உறுத்துது. நேத்து ஏணி போட்டு எடுத்துப் பாத்தேன். தைலம் டேட் முடிஞ்சு போச்சு. சோப்பு நாலு இருக்கு, கவர் பிரிக்கல, வாசம் அப்படியே இருக்கு. ஞாயித்துக்கிழமை பஸ் எத்தனை மணிக்குன்னு விசாரிச்சிருக்கேன்.