ஓசூர் கொல்லையில் பட்டாணி: மூன்று ரகமா, ஒரே ரகத்தை மூன்று முறை விதைப்பதா?

கொல்லைப்புறம்_ஓசூர்:
வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி இருக்கிறது. அக்டோபரில் ஆர்கெல் ரகப் பட்டாணி போடுகிறேன், டிசம்பரில் காய்க்கிறது, ஆனால் எல்லாம் ஒரே மூச்சில் வந்து இரண்டு வாரத்தில் ஓய்ந்துவிடுகிறது. அப்புறம் கடைக்காய்தான். பிப்ரவரி வரை வீட்டுக் காய் கிடைக்க என்ன ரகம் போடலாம்?

மலைத்தோட்டம்:
கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். ஆர்கெல் மட்டும் போட்டால் அப்படித்தான் ஆகும் தம்பி. அது குட்டைச் செடி, கீழ்க் கணுவிலேயே பூவெடுத்து 50, 60 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். கூடவே போனிவில்லி போடுங்கள், அதற்கு முதல் பறிப்புக்கே 80 நாளுக்கு மேல் ஆகும், ஒரே காம்பில் இரண்டிரண்டாகக் காய் தொங்கும். இன்னொரு பாத்தியில் அர்கா அஜித். மூன்றையும் ஒரே நாளில் விதைத்துவிடலாம், ஒன்று ஓயும்போது அடுத்தது தொடங்கும்.

ஒரே_விதை:
அக்கா, இதில் எனக்கு உடன்பாடு இல்லை. போனிவில்லியும் அர்கா அஜித்தும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில்தான் வரும், அப்படியென்றால் மூன்று ரகம் வாங்கியும் கிடைப்பது இரண்டு அலைதான், நடுவில் ஒரு வெற்றிடம் வேறு. தெரிந்த ஒரு ரகத்தை வைத்துக்கொண்டு அக்டோபர் நடுவில் ஒரு பாத்தி, நவம்பர் தொடக்கத்தில் ஒன்று, நவம்பர் கடைசியில் ஒன்று என்று விதைத்தால் போதும். முதலில் போட்டது வெதுவெதுப்பில் விரைவாக வளரும், அடுத்தது குளிரில் மெதுவாக வளரும், அதனால் விதைப்பில் விட்ட இடைவெளி பறிப்பில் இன்னும் கொஞ்சம் விரியும், குறையாது. அக்டோபர் மழையில் மண் சொதசொதவென்று இருந்து முதல் பாத்தி விதை அழுகினாலும் மற்ற இரண்டும் கையில் இருக்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் போட்டால் அந்த வாய்ப்பே இல்லையே!

மலைத்தோட்டம்:
மழை விஷயம் சரிதான். ஆர்கெல் போல, காய்ந்ததும் விதை சுருங்கும் ரகம் எல்லாமே ஈரத்தில் சீக்கிரம் அழுகும், இனிப்பும் அதில்தான் இருக்கிறது, என்ன செய்வது. ஆனால் நீங்கள் தொடக்கத்தையே பார்க்கிறீர்கள், முடிவை யார் பார்ப்பது? நவம்பர் கடைசியில் போட்ட ஆர்கெல் காய்க்கும்போது பிப்ரவரி வந்துவிடும். பகல் வெயில், இரவில் குளிர், அந்தச் சமயத்தில்தான் சாம்பல் நோய் ஏறும். முதலில் இலை மேல் மாவு தூவியது போல ஒரு திட்டு, துடைத்தால் போகும், ஓரிரு நாளில் மறுபடி வரும், பிறகு தண்டு, காய் என்று எல்லாம் வெளுத்து உள்ளே மணி சிறுத்துப்போகும். ஆர்கெல் அதைத் தாங்காது, போனிவில்லியும் தாங்காது. அர்கா அஜித்தைச் சேர்க்கச் சொன்னது நாள் கணக்குக்காக இல்லை. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ரகம் அது, சாம்பல் நோய், துரு நோய் இரண்டுக்கும் எதிர்ப்பு உண்டு. கடைசிப் பாத்தியைக் காப்பாற்றுவது அதுதான்.

ஒரே_விதை:
அப்படியானால் அர்கா அஜித் ஒன்றையே மூன்று முறை விதைக்கலாமே! நோயும் வராது, ரகமும் மாற வேண்டாம். சின்னக் கொல்லையில் ஒவ்வொரு ரகத்துக்கும் இரண்டு வரிசை என்று பிரித்தால் ஒரு பறிப்புக்கு ஒரு கைப்பிடிதான் தேறும், வீட்டில் நாலு பேருக்கு எப்படிக் காணும்?

மாடி_பெங்களூரு:
அர்கா அஜித்தையே போட்டால் டிசம்பரில் பட்டாணி கிடைக்காது சார், ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். கேட்டவருக்கு இப்போது டிசம்பரில் கிடைப்பதையும் ஏன் இழக்க வைக்கிறீர்கள்? என் கருத்து, முதல் விதைப்புக்கு ஆர்கெல், இரண்டு வாரம் கழித்து அர்கா அஜித், போனிவில்லி வேண்டவே வேண்டாம். இன்னொன்று, பறிப்பதைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. ஆர்கெல் காய் அரிவாள் போல வளைந்து கரும்பச்சையாகப் பளபளக்கும். அந்தப் பளபளப்பு மங்கினால் முற்ற ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நாலு காய் முற்றிப்போய் செடியில் நின்றாலே அது புதுப் பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு கையால் கொடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கிள்ளிப் பறியுங்கள், இழுத்தால் வேர் அசையும்.

மலைத்தோட்டம்:
பறிப்பு பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. போனிவில்லியை மட்டும் விட மாட்டேன், அதன் இனிப்புக்காகவே ஒரு வரிசை வைப்பேன்.

கொல்லைப்புறம்_ஓசூர்:
பிப்ரவரிக்கு அப்புறமும் நீட்ட முடியுமா?

ஒரே_விதை:
ஆசைப்படாதீர்கள். பகல் 30 டிகிரியைத் தாண்டினால் பூ உதிரும், காய் பிடிக்காது. இதில் அக்காவும் நானும் ஒரே கட்சி. பிப்ரவரி கடைசியில் கொடியை அறுத்துவிட்டு, வேரை மண்ணிலேயே விட்டு அங்கே கொத்தவரை போடுங்கள்.