மடலா, சுளையா

அம்மாவின் நுரையீரல் புற்றுநோய்க்கு ஒரு மடலையே எடுக்கச் சொல்கிறார்களே என்று மோல்மேனிலிருந்து கேட்ட அக்காவுக்காக எழுதுகிறேன். யாங்கோனில் எங்கள் அப்பாவுக்கு நடந்தது.

அப்பாவுக்கு 67. நாற்பது வருஷச் சுருட்டு. எக்ஸ்ரேயில் வலப்பக்கம் மேலே ஒரு நிழல். இங்கே நெஞ்சில் நிழல் என்றாலே டிபி என்றுதான் முதலில் நினைப்பார்கள்; அந்த மாத்திரையிலேயே மூன்று மாதம் போனது. நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது, விடுங்கள். சிடி, பெட் ஸ்கேன், பயாப்சி எல்லாம் முடிந்து, 1.6 செ.மீ. புற்றுநோய், பரவவில்லை என்றார்கள். சென்னைக்குக் கூட்டிப்போனோம்.

அங்கே சித்தப்பா ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார்: "ஓட்டை போட்டா, நெஞ்சைத் திறந்தா?" டாக்டர் சிரித்துவிட்டார். அது உள்ளே போகிற வழி. எவ்வளவு எடுப்பது என்பது வேறு பேச்சு. வலது நுரையீரலில் மூன்று மடல். ஒரு மடலை முழுசாக எடுத்தால் லோபெக்டமி. மடலுக்குள்ளும் தனித்தனிக் காற்றுக்குழாயோடு பிரிவுகள் உண்டு, பம்பளிமாஸ் சுளை மாதிரி. சுளையை மட்டும் எடுத்தால் செக்மெண்டெக்டமி. ஓரத்தில் ஆப்பு வடிவில் வெட்டினால் வெட்ஜ். மூன்றையுமே ஓட்டை வழியாகச் செய்யலாம்.

ரொம்ப காலம் மடலை எடுப்பதே சரி என்று இருந்ததாம். 2022ல் வெளிவந்த ஜப்பான் ஆய்வு, 1106 பேர், எல்லாருக்கும் கட்டி 2 செ.மீ.க்குள். ஐந்து வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் சுளை எடுத்ததில் 94.3 சதவீதம், மடல் எடுத்ததில் 91.1. ஆனால் அதே பக்கத்தில் நோய் திரும்பி வந்தது சுளைக்காரர்களுக்கு 10.5, மற்றவர்களுக்கு 5.4. இதைக் கேட்டு நான் மடலுக்கே மனசை மாற்றிக்கொண்டேன்.

மூச்சு ஊதும் சோதனைதான் முடிவு சொன்னது. சுருட்டு தின்றது போக அப்பாவுக்கு மிச்சம் குறைவு. சுளை என்று தீர்மானமானது, ஒரு நிபந்தனையோடு: மேஜையில் இருக்கும்போதே நெறிக்கட்டியை எடுத்துச் சோதித்து, அதில் நோய் இருந்தால் மடலையே எடுத்துவிடுவார்கள். "எதுவா இருந்தாலும் ஒரே தடவையா முடிச்சிடுங்க" என்றார் அப்பா. நெறிக்கட்டி சுத்தம். நெஞ்சில் தேங்கும் காற்றும் நீரும் வடியப் போட்ட குழாயை நாலாம் நாள் எடுத்தார்கள். மூச்சை உள்ளே இழுத்து மூன்று பந்தைத் தூக்கும் பயிற்சிக் கருவியோடு தினம் சண்டை.

அக்கா, உங்கள் அம்மாவுக்குக் கட்டி 3.5 செ.மீ. என்கிறீர்கள். அந்த ஜப்பான் கணக்கு அவர்களுக்கு ஆகாது. மூச்சும் நன்றாக இருக்கிறது என்றால் மடலை எடுக்கச் சொன்னதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஓட்டை வழியாக முடியுமா என்பதை மட்டும் தனியாகக் கேளுங்கள்.