1965 எம்ஜிபி: பாம்பன் பாலத்து நெரிசலில் கொதிக்கிறது. எலக்ட்ரிக் ஃபேன் போடலாமா?

கீழக்கரை எம்ஜிபி:

அண்ணன்மார்களுக்கு சலாம். மூன்று வருடமாக ஒரு 1965 எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரை திறக்கும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) வைத்திருக்கிறேன். 1798 சிசி, இரட்டை எஸ்யூ கார்புரேட்டர். பேட்டரியை சார்ஜ் செய்கிற பழைய டைனமோவை மாற்றவில்லை, பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்திருக்கிற பாசிட்டிவ் எர்த்தும் அப்படியேதான். கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் வரை விட்டால் வெப்ப மீட்டர் முள் 180 பாரன்ஹீட்டைத் தாண்டாது.

போன சனிக்கிழமை மனைவியோடு ராமேஸ்வரம் கிளம்பினேன். புது ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தாலும் திறந்தார்கள், சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் படம் பிடிக்காத ஆளே இல்லை. நடுப்பாலத்தில் அரை மணி நேரம் ஊர்ந்தோம். கச்சான் என்கிற மேற்குக் காற்று வேறு முதுகுப் பக்கம் அடித்தது, கிரில்லுக்குள் ஒரு மூச்சு காற்று போகவில்லை. முள் 220. ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி. பாம்பன் பக்கம் இறங்கி ஓரம் கட்டி, ஆறவிட்டு, இளநீர்க் கடைக்காரர் கொடுத்த ஒரு குடம் தண்ணீரை ஊற்றித்தான் ஊர் வந்து சேர்ந்தேன். மனைவி இனி பஸ்ஸில்தான் வருவாராம்.

காயலான் கடையில் மாருதி 800 ஃபேன் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். இன்ஜின் சுற்றுகிற பழைய விசிறியைக் கழற்றிவிட்டு இதைப் போடலாமா? டைனமோ தாங்குமா?

மதுரை ஹெரால்டு:

தாராளமாகப் போடுங்கள். என் ஸ்டாண்டர்டு ஹெரால்டில் நாலு வருடமாக ஓடுகிறது. இன்ஜின் சத்தமும் குறைந்துவிட்டது. ஆனால் என்னுடையதில் டைனமோவை எடுத்துவிட்டு, ஐடிலிலும் கரண்ட் தருகிற ஆல்டர்னேட்டர் மாற்றியாகிவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மண்டபம் இன்ஜின் பட்டறை:

தம்பி, ஃபேன் கதை அப்புறம். உங்கள் பதிவில் ஒரு வரி எனக்கு உறுத்துகிறது. 220 பாரன்ஹீட் என்றால் 104 செல்சியஸ். உங்கள் மூடி பத்து பவுண்டு அழுத்தம் தாங்குகிற மூடியாக இருந்தால் தண்ணீர் 115 வரை கொதிக்காது. ஏழு பவுண்டு மூடி என்றாலும் 110 வரை பயமில்லை. 104-லேயே ஆவி வந்தால் ஒன்று மூடியின் ரப்பர் போய்விட்டது, இல்லை மீட்டர் பொய் சொல்கிறது. முதலில் புது மூடி வாங்குங்கள்.

அடுத்தது தண்ணீர். ரேடியேட்டரில் வழக்கமாக என்ன ஊற்றுகிறீர்கள்? நம் பக்கத்துப் போர் தண்ணீரை ஒரு சட்டியில் காய்ச்சிப் பாருங்கள், அடியில் வெள்ளையாகப் படியும். அதேதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படிகிறது. இன்ஜின் சூடானதும் அணைத்துவிட்டு, சாவியை எடுத்து, ரேடியேட்டர் முகத்தில் உள்ளங்கையை லேசாக வைத்துத் தடவுங்கள். மேலிருந்து கீழே வர வர சூடு சீராகக் குறைய வேண்டும். நடுவில் திட்டுத் திட்டாகக் குளிர்ந்திருந்தால் அங்கே அடைப்பு. அடைத்த ரேடியேட்டருக்கு எத்தனை ஃபேன் போட்டாலும் வெறும் காற்றுதான்.

டைனமோவுக்கு வருகிறேன். உங்கள் வண்டியில் இருப்பது லூகாஸ் சி40. முழு வேகத்தில் 22 ஆம்பியர். நெரிசலில் இன்ஜின் ஐடிலில் கிடக்கும்போது அது ஏறக்குறைய ஒன்றுமே தராது, டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுக்குவது அதனால்தான். ஃபேன் தேவைப்படுவதோ சரியாக அந்த நேரத்தில். ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் காற்று தானே வந்துவிடும், ஃபேனுக்கு வேலை இல்லை. அப்படியானால் பாலத்தில் ஃபேனைச் சுழற்றுவது பேட்டரி மட்டும்தான். ஃபேன் பத்து ஆம்பியர், ஹெட்லைட் எட்டு, இக்னிஷன் மூன்று நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் அரை மணி நேரம் தாங்கும். இரவில் இரண்டு முறை இப்படி மாட்டினால் தள்ளு ஸ்டார்ட்தான். கம்பெனிக்காரனே 1967 கடைசியில் வந்த மார்க் 2-இல்தான் ஆல்டர்னேட்டருக்கும் நெகட்டிவ் எர்த்துக்கும் மாறினான். எலக்ட்ரிக் ஃபேன் அதற்கும் பல வருடம் கழித்துத்தான்.

போடுவதாகவே இருந்தால், பாசிட்டிவ் எர்த்தில் கவனம். இரண்டு வயர் மோட்டாருக்குக் கவலையில்லை, வயரை மாற்றிக் கொடுத்தால் திசை திரும்பும். அதனால் ஓட்டிப் பார்க்காமல் விடாதீர்கள். ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு காகிதத்தைப் பிடியுங்கள், ஒட்டிக்கொண்டால் காற்று உள்ளே இழுக்கிறது. ஃபேனுக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற ரிலே வாங்கும்போது உள்ளே டயோடு இல்லாததாகக் கேளுங்கள். எலக்ட்ரானிக் கன்ட்ரோலர் வேண்டாம், அது துருவம் மாறினால் புகைந்துவிடும். சூடேறினால் தானே ஆன் ஆகிற சாதாரண தெர்மோ சுவிட்ச் போதும். ஃபேனுக்குத் தனி ஃபியூஸ், நாலு சதுர மில்லிமீட்டர் வயர்.

வயர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. இந்தக் கரையில் வெறும் செம்புக் கம்பி ஒரே வருடத்தில் களிம்பு பிடித்துப் பச்சையாகிவிடும். லாஞ்சுகளுக்கு நாங்கள் வெள்ளீயம் பூசிய கம்பிதான் இழுப்போம். அதையே போடுங்கள். எர்த் நட்டில் வாசலின் தடவுங்கள். தனுஷ்கோடி போய் வந்தால் ரேடியேட்டரை நல்ல தண்ணீரில் இன்ஜின் பக்கமிருந்து முன்னோக்கிக் கழுவுங்கள்.

கீழக்கரை எம்ஜிபி:

அண்ணே, கையும் களவுமாகப் பிடித்துவிட்டீர்கள். மூன்று வருடமும் வீட்டுப் போர் தண்ணீர்தான். கையால் தடவிப் பார்த்தேன், டிரைவர் பக்கம் கீழ்ப் பாதி முழுக்கக் குளிர்.

ராமநாதபுரத்தில் ரேடியேட்டர் வேலை செய்பவரிடம் கொடுத்தேன். மேல் டேங்கைக் கழற்றி, தகடு விட்டுக் குத்தினார். சுண்ணாம்பு உதிர்ந்தது போல வந்தது. காவிரித் தண்ணீர் ஊற்றட்டுமா என்றேன். "டிஸ்டில்டு வாட்டர் என்ன தங்க விலையா?" என்று திட்டிவிட்டு, கூலன்ட்டோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினார். புது மூடியும் போட்டாயிற்று.

நேற்று வேண்டுமென்றே மத்தியானம் பாலத்துக்குப் போனேன். இருபது நிமிடம் ஊர்ந்தேன். 200-ஐத் தொட்டு நின்றுவிட்டது. விசிறி பழையதேதான்.

மதுரை ஹெரால்டு:

அப்போ அந்த மாருதி ஃபேன் சும்மாதானே கிடக்கிறது? என்ன விலை?

கீழக்கரை எம்ஜிபி:

சித்திரை வெயில் வரட்டும் அண்ணே, அப்புறம் பேசுவோம். பஸ்ஸில் போகிறவர் இன்னும் காரில் ஏறவில்லை.