புதுக்குடியிருப்பில் பாதி வீடு: பூசுவதா, கிணறா?

வன்னிப்பெடியன்:
லண்டனில் இருந்து எழுதுகிறேன். சின்னம்மா வன்னியில், புதுக்குடியிருப்பில் தனிய இருக்கிறார். போரில் வீடிழந்தவர்களுக்கு இந்தியா காசு கொடுத்த வீட்டுத்திட்டத்தில் 2013-இல் கட்டிய வீடு. சுவர் இன்னும் பூசவில்லை, யன்னலுக்குத் தகரம் அடித்திருக்கிறது. காசு அனுப்புகிறேன், முடியுங்கோ என்றால் "வீட்டை விடு, கிணற்றைப் பார்" என்கிறார். மழைச்சாரல் உள்ளே அடித்ததை நேரில் பார்த்துவிட்டு வந்தவன் நான். அவர் சொல்வது சரியா?

விசுவமடு அக்கா:
சரிதான் தம்பி. எனக்கும் அதே திட்டம், ஐந்தரை லட்சம் ரூபாய். அத்திவாரம் போட்டால் ஒரு பகுதி, சுவர் எழும்பினால் ஒரு பகுதி என்று காசு வரும். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் கட்டத் தொடங்க, மணலும் மேசன் கூலியும் ஏறிவிட்டன. கூரையோடு காசு முடிந்தது. கதவு போட நகையை அடகு வைத்தேன், நகையை மீட்க, கிழமைக்குக் கிழமை கட்டுகிற நுண்கடன் எடுத்தேன். கடன் அறவிட வருகிறவரின் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் மகள் தானாகவே "அம்மா இல்லை" என்பாள். 2018-இல் அரசாங்கம் பெண்களின் நுண்கடனை ஒரு லட்சம் வரை தள்ளுபடி செய்தது, மூன்று மாதம் கட்டாமல் விட்டவர்களுக்கு. நான் சாப்பாட்டைக் குறைத்து ஒழுங்காகக் கட்டியவள், எனக்கு ஒன்றும் இல்லை!

என்னைத் தூக்கிவிட்டது கிணறுதான். 2010-இல் மெனிக் பாம் அகதி முகாமில் இருந்து ஊருக்குத் திரும்பி வரும்போது கிணற்றுக்குள் சைக்கிள், ஷெல் துண்டு, யாரோ ஒருவரின் தையல் மெசின். கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் பார்த்த பிறகுதான் இறைத்தோம். அப்புறம் கத்தரியும் மிளகாயும் வைத்தேன். சந்தைக்குக் கொண்டுபோன முதல் நாள் கையில் வந்த காசை மூன்று தரம் எண்ணினேன்.

பழைய மேசன்:
புதுக் கிணறு வேண்டாம். பழையதைத் தூர்வாரி, இடிந்த கிணற்றுக்கட்டை மட்டும் எழுப்பச் சொல்லுங்கோ. மிஞ்சிற காசில் வடகிழக்குப் பக்கச் சுவரைப் பூசினால் மாரிச்சாரல் நிற்கும். காணி பெர்மிட், அதுதான் அரச காணிக்குத் தந்த அனுமதிப்பத்திரம், யார் பெயரில்? காணாமல் போனவர் பெயரில் என்றால், அதை உறுதிப்படுத்தும் சான்றிதழ் எடுக்கலாம், 2016-இல் சட்டம் வந்தது. இது மரணச் சான்றிதழ் இல்லை, அது வேறு.

வன்னிப்பெடியன்:
நன்றி அக்கா, அண்ணை. பெர்மிட் சித்தப்பா பெயரில்தான். சான்றிதழ் என்று தொடங்கினதும் சின்னம்மா போனை வைத்துவிட்டார். கிணற்றுக்கும் அந்த ஒரு சுவருக்கும் அனுப்புகிறேன்.